பிரேக் இருந்த பக்கம்

எங்கள் மாடல் ரயில் சங்கத்தில் என் பெயர் ரிவெட். வங்கியில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் எட்டு மாதம் பாடுபட்டு ஒரு பழைய சரக்கு வேகனைச் செய்து கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, "மூலைத் தகட்டுல பன்னெண்டு ரிவெட் ஆணி வரணும். பதினொண்ணுதான் இருக்கு" என்றேன். அன்றைக்கு வைத்த பெயர். எனக்கு அதில் வருத்தமில்லை. பதினொன்று தப்புதான்.

பிழைப்புக்கு நான் பல் செட் செய்கிறேன். பகல் முழுக்க அடுத்தவர் பல்லைச் செதுக்கிவிட்டு, சாயங்காலம் வீட்டுப் பின்னறையில் அதே சின்னக் கத்தியையும் சின்னத் துளைக்கருவியையும் வைத்துக்கொண்டு வேகன் செய்ய உட்காருவேன். நிஜத்தைவிட நாற்பத்து மூன்று மடங்கு சின்னது. கடையில் பெட்டி வாங்கிப் பிரித்து ஒட்டுகிற ஆள் இல்லை நான். எந்தப் பட்டறையில், எந்த வருடம், எத்தனை பலகை, எத்தனை ஆணி என்று தெரிந்தால்தான் கத்தியைத் தொடுவேன். தெரியாததை உத்தேசமாகச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். அக்கம்பக்கத்துச் சட்டைகளெல்லாம் அவளிடம்தான் வந்து போகும். "ரிவெட்டைப் பாக்குற மாதிரி ஒரு நாளாவது என்னைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்பாள். பதில் சொன்னால் வம்பு என்று எனக்குத் தெரியும். பேசாமல் உள்ளே போய்விடுவேன்.

மாமியார் காலமான பிறகு மாமா எங்களோடு இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. சரக்கு ரயிலில் பிரேக்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நிஜ வேகனோடு வாழ்க்கை முழுக்க மல்லுக்கட்டிய மனிதருக்கு என் வேலை வேடிக்கையாக இருந்தது. "மாப்பிள்ளை பொம்மை வண்டி ஓட்டப் போயிட்டாரா?" என்று மகளிடம் கேட்பது என் காதில் விழும். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடப் பின்னறைக்குள் காலெடுத்து வைக்காதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து வாசற்படியில் நின்றார்.

"மாப்பிள்ளை, கரி வேகன்ல ஒரு செட்டு வந்துச்சே, ஒரு முனைல மட்டும் கதவு வச்சது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மாமா. மொத்தமே பன்னெண்டுதான் கட்டினாங்க. வரைபடம்கூட எங்கயும் கிடையாது."

"அதுல ஒண்ணு செய்ய முடியுமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் முறை. எதற்கு என்று கேட்டேன்.

"பிரேக் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்.

நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. சுரங்கத்துக்குப் போகும் கிளைப்பாதை, நல்ல சரிவு. எஞ்சின் ஐந்து வேகன்களை ஒன்றோடொன்று மாட்டாமல் தனித்தனியாக அங்கே நிறுத்திவிட்டுக் கழன்று போகும். வேகன்கள் உருண்டுவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் இருக்கும் நீளமான பிரேக் லீவரை அமுக்கி, அது எழாமல் இருக்க ஒரு ஆணியைச் செருக வேண்டும். இரண்டு பேர் வேலை. சுவரை ஒட்டிய பக்கம் மாமா, ஓடையை ஒட்டிய பக்கம் அவருடைய சிநேகிதர். சாதாரண வேகனில் இரண்டு பக்கமும் லீவர் இருக்கும். ஒரு பக்கம் போட்டாலே வண்டி நிற்கும்.

அன்றைக்குக் கொட்டுகிற மழை. மாமா மேலிருந்து நான்கு வேகனுக்குப் போட்டார். சரிவின் கடைசியில் நின்ற ஐந்தாவதுக்குப் போகவே இல்லை. "அவன் பக்கம் அவன் போட்டிருப்பான், போதும்னு விட்டுட்டேன்" என்றார். சிநேகிதர் தன் பக்கத்தை முடித்துவிட்டுத் தண்டவாளம் மாற்றக் கீழே இறங்கிப் போயிருக்கிறார். அந்த ஐந்தாவது வேகன் உருண்டது. மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவரை அடித்துவிட்டு, கீழே இருந்த கல்தூணில் மோதி, முன்னால் இருந்த கதவு பிளந்து கரியெல்லாம் கொட்டி, வேகன் சுக்குநூறாகி ஓடையில் விழுந்தது.

விசாரணையில் மாமா, "என் பக்கம் எல்லாத்துக்கும் போட்டேன்" என்று சொல்லிவிட்டார். யார் தவறு என்று தெரியவில்லை என எழுதி முடித்துவிட்டார்கள். வெளியே வந்தபோது, சிநேகிதரின் மனைவி இரண்டு குழந்தைகளோடு வாசலில் நின்று, "நீ நல்லா இருக்க மாட்டே" என்று மாமாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அந்த அம்மா இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார். தெருவில் அவர் வந்தால் மாமா எதிர்ப்பக்கம் போய்விடுவார். நாற்பத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

"ரிட்டயர் ஆகுற வருஷம் ஒரு ஃபிட்டர் பேச்சோட பேச்சா சொன்னான். அந்தக் கதவு வச்ச வேகனுக்கு லீவர் ஒரு பக்கம்தானாம். அன்னைலேருந்து இதான் நினைப்பு. அவன் பக்கம் மட்டும் இருந்திருந்தா, நான் போயிருந்தாலும் போடுறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. என் பக்கம் இருந்திருந்தா..."

மாமா உள்ளங்கையைச் சாய்த்துச் சரிவு மாதிரி காட்டினார்.

"கதவு கீழ் பாத்து இருந்துச்சு, அது நிச்சயம். கரி முன்னாடிதான் கொட்டிக் கிடந்துச்சு. உங்களால கண்டுபிடிக்க முடியுமா மாப்பிள்ளை? உத்தேசம் வேணாம்."

உத்தேசம் வேணாம் என்று என்னிடம் சொல்கிறார்! நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ரிவெட் ரிவெட்டா செஞ்சு காட்டுறேன் மாமா" என்றேன்.

ரயில்வே அருங்காட்சியகத்தில் அந்த வேகனின் ஒரே ஒரு புகைப்படம் இருந்தது. கண்ணாடித் தட்டு நெகட்டிவ். ஆவண அறை எழுத்தர் பெரிதாக அச்சடித்து அனுப்பினார். பட்டறை முற்றத்தில், இன்னும் எண்ணோ எழுத்தோ எழுதாத புது வேகன். ஒரு பக்கமும் கதவு வைத்த முனையும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பக்கத்தில் லீவர். மறுபக்கம் காலி என்பது அடியில் தெரிந்த கம்பிகளின் அமைப்பிலேயே புலப்பட்டது. பக்கத்தில் தொழிலாளர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

நான்கு மாதம் ஆனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு ரிவெட். மெல்லிய பித்தளைத் தகட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பின்னாலிருந்து ஊசியால் ஒவ்வொன்றாக அமுக்கினேன். பலகையின் இடுக்கு, கதவின் கீல், சக்கரத்தின் ஆரம், எதையும் விடவில்லை. கடைசியாகத் தீக்குச்சி நீளத்தில் லீவரை வளைத்து, நான்கு இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை அழைத்து, மேசையில் ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, கதவு கீழ்நோக்கி இருக்கும்படி வேகனை நிறுத்தினேன். "இது சுவர், இது ஓடை" என்று கையால் காட்டினேன். லீவர் ஓடைப் பக்கம் இருந்தது. சிநேகிதரின் பக்கம்.

மாமா குனிந்து பார்த்தார். சுற்றி வந்து சுவர்ப் பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. மறுபடியும் இந்தப் பக்கம் வந்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் செய்த எந்த வேகனுக்கும் யாரும் அழுததில்லை.

அடுத்த மூன்று நாள் வீட்டில் அமர்க்களம். மாமா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் பேரைச் சொல்லி மகளிடம் பெருமையடித்தார். "பொம்மை வண்டின்னு சொன்னேனே, என் நாக்குல சூடு வைக்கணும்" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை என்றே சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மதியம். மனைவி ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே, மேசை மேல் நான் வைத்திருந்த புகைப்படத்தைப் பார்த்தாள்.

"இதென்னங்க, அந்தக் காலத்துல ஆம்பளைங்க எல்லாம் பொம்பளை சட்டையா போட்டாங்க?" என்று சிரித்தாள்.

"என்ன உளர்றே?"

"பாருங்க. ஆம்பளை சட்டைக்குப் பட்டன் வலது பக்கம் வரும், இடது மடிப்பு மேல வரும். இவங்க மூணு பேருக்கும் மாறி இருக்கு. பாக்கெட்டும் வலது நெஞ்சுல இருக்கு. எந்தத் தையக்காரன் தைச்சானோ!"

படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒருவன் என்றால் விசித்திரம் என்று விடலாம். மூன்று பேருக்கும் மாறியிருந்தால் மாறியது சட்டை இல்லை, படம். கண்ணாடித் தட்டைப் புரட்டி வைத்து அச்சடித்துவிட்டார்கள். எழுத்து எதுவும் படத்தில் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. நான்கு மாதமாகப் பார்த்த எனக்கும் தெரியவில்லை. இருநூற்றுப் பதினான்கு ரிவெட்டையும் எண்ணியவன், அங்கே நின்ற மூன்று மனிதர்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வங்கிக்காரராக இருந்தால்கூடப் பார்த்திருப்பார்.

ஆவண அறை எழுத்தருக்கு ஃபோன் செய்தேன். மறுநாள் காலை உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னது கரெக்ட் சார்! மருந்து பூசின பக்கத்தை மாத்தி வச்சு அச்சடிச்சிருக்கோம். இடம் வலமா ஆயிடுச்சு. இதைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான் சார். சரியான படம் உடனே அனுப்பிடறேன்."

அனுப்பினார். அதில் தொழிலாளர்களுக்கு ஒழுங்கான சட்டை இருந்தது. கதவைக் கீழே வைத்துப் பார்த்தால், லீவர் சுவர்ப் பக்கம். மாமா போகாமல் விட்ட பக்கம். சிநேகிதரின் பக்கம் போடுவதற்கு ஒன்றுமே இல்லை.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை. என் முகத்தில் ஈயாடாததைப் பார்த்து அவளே துருவிக் கேட்டுவிட்டாள். அப்பாவின் கதை அவளுக்கு அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. கையில் இருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் ஏங்க வாயைத் தொறந்தேன்?"

"நீ தொறக்கலைன்னாலும் லீவர் அந்தப் பக்கம்தானே இருந்திருக்கும்."

"அப்பாகிட்ட சொல்லாதீங்க. இப்பதான் மனுஷன் நிமிந்து நடக்கிறார். சொன்னா அவ்வளவுதான்."

"அந்த அம்மா? அவங்க புருஷன் மேல இல்லாத பழியை நான் போட்டிருக்கேனே?"

"அவருதான் செத்துட்டாரே" என்றாள். சொன்னவுடனே அவளுக்கே அது பிடிக்கவில்லை. மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் தைக்கவில்லை.

பின்னறையில் போய் உட்கார்ந்தேன். லீவரைக் கழற்றி மறுபக்கம் வைக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். நான்கு பொட்டு ஈயம். ஈயம் பற்றவைக்கும் சூடுகோலை எடுத்துப் பிளக்கில் செருகினேன். சூடானது. பிடுங்கி வைத்தேன். மறுபடி செருகினேன். ஒரு ஆணி குறைந்ததற்கு ஒரு மனிதரைச் சபை நடுவில் அவமானப்படுத்தியவன் நான். இப்போது ஒரு முழு லீவரே தப்பான பக்கத்தில் இருக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை. சூடுகோல் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எப்படியாவது சொல்லிவிடுவது என்று மாமாவின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடி முன்னால் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த வேகன் விஷயமா ஒண்ணு..."

"நேத்து மழை பெஞ்சுதே, கேட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார் கண்ணாடியில் என்னைப் பார்த்து. "இத்தனை வருஷமா மழை வந்தா ஜன்னலைச் சாத்திட்டுத் தலகாணிய காதுல வச்சுக்குவேன். நேத்து தொறந்து வச்சிட்டே தூங்கினேன்." சோப்பு நுரையோடு சிரித்தார். "என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல மாமா. டீ வேணுமான்னு கேக்க வந்தேன்."

"டீ அப்புறம். நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து மருந்துக்கடைல அந்தம்மாவைப் பாத்தேன். நான் எதிர்ப்பக்கம் போகல. நேரா போய் நின்னேன். வீட்டுக்கு வந்து பாரும்மா, உனக்கே தெரியும்னு சொல்லிட்டேன். நாளைக்கு வராங்க."

சொல்ல வந்ததை மென்று முழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். ஒல்லியான அம்மா. சலவைக்கடை நடத்தி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர் என்று மாமா சொல்லியிருந்தார். கையெல்லாம் இஸ்திரிச் சூடு பட்ட தழும்பு. மாமா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு விருந்தாளிபோல நின்றார். என் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

சாய்த்து வைத்த பலகையில் வேகன் நின்றது. மாமாதான் விளக்கினார். சுவர், ஓடை, கதவு, லீவர். தான் ஐந்தாவது வேகனுக்குப் போகாததையும் மறைக்காமல் சொன்னார். அதுவரைக்கும் அவர் நேர்மையானவர்தான். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கதானே செஞ்சது? அழகுக்காக எதையும் மாத்தி கீத்தி வைக்கலையே?"

இதுதான் நேரம். மாமா என்னைப் பார்த்தார். பரீட்சையில் தேறிவிட்ட பையன் அப்பாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"படத்துல எப்படி இருக்கோ அப்படியே செஞ்சிருக்கேம்மா" என்றேன்.

அது உண்மை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான உண்மை.

அந்த அம்மா தலையாட்டினார். பிறகு மாமாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணே, நான் உங்களைச் சபிச்சேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, விளக்கேத்துறப்ப எல்லாம் சபிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

"விடும்மா தங்கச்சி, விடு. அதெல்லாம் ஆச்சு, போச்சு" என்றார் மாமா. பெரிய மனதோடு சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது, கோபம் வர என்ன நியாயம்? இருந்தும் வந்தது.

அந்த அம்மா டீ வேண்டாம் என்றார். பஸ் நிறுத்தம்வரை கூட்டிக்கொண்டு போய் விடும்படி மாமா சொன்னார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். தனியாக நடக்கும்போது சொல்லிவிடலாம், இவரிடமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தெரு முனை தாண்டியதும் சொல்வது, பிறகு மருந்துக்கடை தாண்டியதும் சொல்வது என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

"அவரு எதையும் மறக்குற ஆள் இல்ல தம்பி. பூட்டின பூட்டை மூணு தடவை இழுத்துப் பாப்பார். இவருதான் விட்டிருப்பாருன்னு நான் அடிச்சுச் சொன்னது அதனாலதான்."

"அம்மா..."

"அன்னைக்குக் காலைல நான் அவர்கூட சண்டை போட்டேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. பெரியவனுக்கு ஜுரம், லீவு போடுங்கன்னேன். முடியாதுன்னார். அப்ப போங்க, திரும்பியே வராதீங்கன்னு சொன்னேன். சாப்பிடாமப் போயிட்டார்." முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "கோபத்துல சொல்றதுதானே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா அவரு மறந்திருக்கார்னா அந்த நினைப்புலதான் மறந்திருக்கார். வேற எப்படி மறப்பார்? அப்ப என்னாலதானே தம்பி?"

நிறுத்தம் வந்துவிட்டது. தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"அப்படி இல்லம்மா" என்றேன்.

"அப்படித்தான். பரவால்ல. தெரியாம சாகுறதுக்குத் தெரிஞ்சுகிட்டது நல்லதுதான். நீங்க நல்லா இருக்கணும் தம்பி."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்தவர், நான் கையை நீட்டியதைப் பார்த்து நின்றார்.

"அம்மா, ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க தம்பி."

ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தார்.

"படி உயரமா இருக்கு" என்றேன். "பாத்து ஏறுங்க."